குறையை முகம் பார்த்துச் சொல்ல ஒரு மணி நேரம்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் சில தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்தும் குழுவை நான் பார்த்துக்கொள்கிறேன். உதவி ஆசிரியர், டிகிரி முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருப்பவர், உயர்தரம் எழுதிவிட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கச்சி என்று கலவையான கூட்டம். இந்த மாதிரிக் குழுவில் ஒருவரின் குறை எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. பஸ்ஸில் பேசுவோம், வட்ஸ்அப்பில் தனியாகப் பேசுவோம். ஆள் எதிரே வந்ததும் "வாங்கக்கா, தேத்தண்ணி குடிச்சீங்களா" என்போம். அதற்காகத்தான் தவணை முடிவில், ஒருவர் குறை நிறையை மற்றவர் நேரே சொல்லும் இந்தப் பயிற்சியை வைத்துக்கொள்கிறோம்.

வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் எல்லோரும் கருத்துச் சொல்லும் முறையைப் பயிற்சிப்பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். அது எங்கள் பக்கம் சரிவராது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் சேர் என்று குறை எப்போதும் நாலு பேர் முன்னால்தான் வந்து விழுந்திருக்கிறது. வட்டத்தைப் பார்த்தாலே தலை குனிந்துவிடும். அதனால் இரண்டிரண்டு பேராகத்தான் பேச வேண்டும்.

எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். நாலு கதிரையை ஒரு வரிசையாகவும், எதிரே நாலையும் போடுங்கள். ஒரு மூலைக் கதிரையில் இருப்பவர் மட்டும் கடைசிவரை நகர வேண்டாம் (முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த இடத்தைக் கொடுங்கள்). மற்ற ஏழு பேரும் ஒவ்வொரு சுற்றுக்கும் கடிகாரம் சுற்றும் பக்கமாக ஒரு கதிரை தள்ளி உட்கார வேண்டும். ஏழு சுற்றில் எல்லோரும் எல்லோரையும் ஒரு தடவை சந்தித்துவிடுவார்கள். ஏழு பேர்தான் வந்தார்கள் என்றால் அந்த நகராத கதிரையைக் காலியாக விடுங்கள். அதற்கு எதிரே வருபவர் அந்தச் சுற்றில் நேரம் பார்க்கட்டும். ஒருவர் சொல்ல இரண்டு நிமிடம், மற்றவர் சொல்ல இரண்டு நிமிடம், கேட்டதைக் குறித்துக்கொள்ள ஒரு நிமிடம். ஏழு சுற்றுக்கு 35 நிமிடம் போகும். பத்துப் பேருக்கு மேல் என்றால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

ஜூன், ஜூலையில் தகரக் கூரை மண்டபத்தில் வைக்காதீர்கள். மழை பிடித்தால் கத்திப் பேச வேண்டி வரும். கத்திச் சொல்லும் குறை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஏச்சாகத்தான் காதில் விழும்.

உட்காருவதற்கு முன்னால் கால் மணி நேரம் எல்லோரும் பேசாமல் எழுத வேண்டும். சீ.ஆர். கொப்பித் தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு எழுத வேண்டும்; எதிரே உட்காரும்போது அதைச் சொல்லிக் கையில் கொடுத்துவிடலாம். ஒவ்வொன்றிலும் இரண்டே விஷயம்: இதை விடாதீங்க, இதை மாற்றிப் பாருங்க. பயிற்சியின் உயிர் இந்தத் துண்டில்தான் இருக்கிறது, அவசரப்படுத்தாதீர்கள். எப்போது, எங்கே நடந்தது. அவர் என்ன செய்தார். அதனால் என்ன ஆனது. இந்த மூன்றும் இல்லாத துண்டைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். அமெரிக்காவில் தலைமைத்துவப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனம் பரப்பிய முறை இது; சூழல், நடத்தை, விளைவு என்று பிரிப்பார்கள்.

"நீங்க எப்பவும் லேட்" என்று எழுதினால் அது ஆளைப் பற்றிய தீர்ப்பு. இப்படி எழுதலாம்: "போன செவ்வாய் நாலரை வகுப்புக்கு ஐந்தேகாலுக்கு வந்தீங்க. மேல் டிவிஷன் பிள்ளைகள் இருட்டிடும்னு அதுக்குள்ள போயிட்டாங்க. பிந்தும்னு தெரிஞ்சா ஒரு மெசேஜ் போடுங்க, நான் பிள்ளைகளை வச்சிருக்கேன்." இதைக் கேட்பவருக்குக் கோபம் வரலாம், ஆனால் நாளைக்கு என்ன செய்வது என்று தெரிந்துவிடும். பாராட்டுக்கும் இதே விதிதான். "சூப்பர் டீச்சர்" என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "பின்னம் சொல்லிக்கொடுக்க ரொட்டியை நாலாகப் பிய்த்துக் காட்டினீங்க, அன்றைக்குத்தான் கடைசி வாங்கு பிள்ளை முதல் தடவை கை தூக்கினான்" என்றால் அவர் அதைத் திரும்பச் செய்வார்.

இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பின்னூட்டல் கொடுத்தால் சராசரியாக வேலை முன்னேறுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பத் திரும்ப, பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம்.

கேட்பவருக்கு ஒரே வேலை, கேட்பது. புரியாவிட்டால் ஒரு கேள்வி கேட்கலாம், முடிவில் நன்றி சொல்லலாம். "ஐயோ அப்படியில்ல, அன்றைக்கு பஸ்..." என்று ஆரம்பித்தால் இரண்டு நிமிடம் அதிலேயே போய்விடும். நம்மாட்களுக்கு இதுதான் சிரமம். சிரித்து மழுப்புவோம், இல்லாவிட்டால் காரணம் சொல்வோம்.

அப்புறம் வயது. இருபது வயதுத் தங்கச்சி நாற்பது வயது அக்காவிடம் குறை சொல்ல மாட்டாள். "தைரியமாச் சொல்லு" என்றால் மட்டும் வாய் வந்துவிடாது. ஒவ்வொரு ஜோடியிலும் வயதில் மூத்தவர்தான் முதலில் தன் குறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விதி வையுங்கள். அதற்கும் முன்னால், ஒருங்கிணைப்பாளர் எல்லோர் முன்னிலையிலும் உட்கார்ந்து, குழுவில் ஆக இளையவரிடமிருந்து ஒரு துண்டை வாங்கி, விளக்கம் சொல்லாமல் நன்றி சொல்லிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் பேனையை எடுப்பார்கள். இதற்குச் சம்மதிக்காத தலைவர் இந்தப் பயிற்சியை நடத்தாமல் இருப்பதே நல்லது.

காசுக் கணக்கு, இரண்டு பேருக்குள் உள்ள பழைய தகராறு இவற்றை இந்தக் கதிரைகளுக்குக் கொண்டுவர வேண்டாம். பிள்ளைகளிடம் தவறாக நடந்துகொண்டதாகச் சந்தேகம் இருந்தால் தவணை முடியும்வரை காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே பொறுப்பானவரிடம் போக வேண்டும்.

சுற்று முடிந்ததும் பிளேன்டீ. துண்டுகள் வாங்கியவருக்கே சொந்தம், யாரும் திரட்டி எடுக்கக் கூடாது, போட்டோவும் வேண்டாம். ஒவ்வொருவரும் கையிலுள்ளவற்றைப் பார்த்து, அடுத்த மாதத்துக்கு ஒன்றே ஒன்றைத் தெரிந்தெடுத்து உரக்கச் சொல்லட்டும். யார் அந்தக் குறையைச் சொன்னது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த எட்டு வரிகளை ஒரு பெரிய தாளில் எழுதி வையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் அந்தத் தாளுக்குத்தான்.