பிரான்சைஸ் முறையில் மை நிரப்பும் கடை தொடங்குவது எப்படி?

பிரிண்டர் கார்ட்ரிட்ஜுக்கு மை நிரப்பித் தரும் கடையை, ஒரு நிறுவனத்தின் பெயரிலும் முறையிலும் தொழில் செய்ய அனுமதிக்கும் பிரான்சைஸ் உரிமம் பெற்று நடத்த விரும்புபவர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் கிளை ஒன்றில் இரண்டு நாளாவது உட்கார்ந்து, நிரப்பிக் கொடுத்தவற்றில் எத்தனை குறையோடு திரும்பி வருகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மைக்கு ஆகும் செலவு சிறிது. திரும்பி வரும் கார்ட்ரிட்ஜ்களே லாபத்தைத் தின்கின்றன.

தலைமை நிறுவனத்துக்குத் தொடர்ந்து செலுத்தும் உரிமத் தொகையான ராயல்டி பெரும்பாலும் மொத்த விற்பனையின் மீது கணக்கிடப்படுவதால், நட்டம் வந்த மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். மையையும், கார்ட்ரிட்ஜைப் பிரிண்டருக்கு அடையாளம் காட்டும் சிப்பையும் தலைமை நிறுவனத்திடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், விலை உயர்வுக்கு ஒரு வரம்பை எழுத்தில் கேளுங்கள். உங்கள் எல்லைக்குள் வேறு கிளை வராது என்ற உறுதியும், விலகிய பின் இதே தொழிலைச் செய்யத் தடை உண்டா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

பட்டறை மேசையில்தான் கடையின் பெயர் நிலைக்கிறது. எச்பி, கேனன் நிறுவனங்களின் பல இங்க்ஜெட் கார்ட்ரிட்ஜ்களில் அச்சுமுனையும் சேர்ந்தே இருக்கும். மையைச் சூடாக்கித் துளியாக உமிழும் அதன் நுண்ணிய சூடேற்றிகள், பலமுறை நிரப்பிப் பயன்படுத்தும்போது எரிந்துபோகக்கூடும். ஆகவே கையில் வாங்கியதுமே எடை பார்த்து, மின்சோதனை செய்து, தேறாததை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரே என்று தயங்க வேண்டாம். தேறியதில் பழைய மையை உறிஞ்சி எடுத்து, காய்ந்த துளைகளைக் காய்ச்சி வடித்த நீரால் இளக்கி, வெற்றிட இயந்திரத்தில் மெதுவாக நிரப்ப வேண்டும். ஸ்பாஞ்சில் காற்று தங்கினால் அச்சு இடையில் வெளிறும். நிறம் கரைந்திருக்கும் சாய மையோடு, நிறம் நுண்துகள்களாக மிதக்கும் நிறமி மை கலந்தால் கட்டிதட்டித் துளைகளை அடைக்கக்கூடும். மீண்டும் எடை பார்த்து, சோதனைத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.

விற்ற கார்ட்ரிட்ஜின் மீது காப்புரிமையைக் காட்டி மறுநிரப்பலைத் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் பிரிண்டர் நிறுவனமான லெக்ஸ்மார்க்கின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் பிரிண்டரின் மென்பொருள் புதுப்பிப்பு வந்ததும் நேற்றுவரை வேலை செய்த சிப் இன்று ஏற்கப்படாமல் போகலாம். அப்போது மாற்றுச் சிப் எத்தனை நாளில் வரும் என்பதே தலைமை நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி.

கார்ட்ரிட்ஜ் இல்லாமல், புட்டியிலிருந்து மையை நேரே ஊற்றிக்கொள்ளும் மைத்தொட்டி பிரிண்டர்கள் பரவியதால் வீட்டு வாடிக்கையாளர் குறைந்து வருகின்றனர். அலுவலகங்களின் லேசர் பிரிண்டர்களுக்கு டோனர் என்னும் மைத்தூளை நிரப்பும் வேலையையும் எடுத்துச் செய்யுங்கள். அந்தத் தூளுக்கெனக் காற்றுறிஞ்சி பொருத்திய தனி அறை ஒதுக்குங்கள். சாதாரண வேக்குவம் கிளீனரின் வடிகட்டியில் அத்தூள் நிற்காது.