இல்லறத்துக்குள் நுழையும் மனநோயைத் திரைக்கதையாக எழுதுவது எப்படி

கணவன், மனைவி ஆகிய இருவரில் ஒருவருக்கு மனநோய் வரும் கதையை எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நோயாளியின் வெடிப்பைத்தான் முதலில் எழுதுகிறார்கள். பாத்திரம் உடைகிறது, கூச்சல் எழுகிறது, அண்டை வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் கதையின் பாரம் அந்த வெடிப்பில் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் மற்றவர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. எனவே, நோயை வீட்டில் யார் முதலில் கண்டுகொள்கிறார், யார் கடைசிவரை காண மறுக்கிறார் என்ற இரண்டையும் காட்சிகளைப் பிரிப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நோயின் பெயரைப் படத்தில் யாரும் உச்சரிக்க வேண்டியதில்லை. எழுதுபவருக்கு மட்டும் அது திட்டவட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். மனச்சோர்வு என்று மருத்துவர்கள் கணிப்பதற்கு அறிகுறிகள் குறைந்தது இரண்டு வாரங்களாவது நீடித்திருக்க வேண்டும். நிஜத்தோடு மனம் தொடர்பிழக்கும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதிக்கும் முப்பதுகளின் தொடக்கத்துக்கும் இடையில் தலைகாட்டுகிறது; ஒரே உடலில் இரண்டு ஆளுமைகள் குடியிருப்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கிவிடும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், இரவில் மாத்திரை, காலையில் புன்னகை என்று எழுதினால் விவரம் தெரிந்த பார்வையாளர் அங்கேயே கதையை விட்டு விலகிவிடுவார். பக்கவிளைவுகளையும் விட்டுவிடாதீர்கள். உடல் எடை கூடுவது, பகலெல்லாம் தூக்கம் அழுத்துவது, கை நடுங்குவது, தாம்பத்திய நாட்டம் குறைவது ஆகியவை திருமணத்தை நேரடியாகத் தொடுபவை. கடைசியாகச் சொன்னதைத் திரைக்கதை ஆசிரியர்கள் கூச்சத்தால் தவிர்த்துவிடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வசனம் எழுதுவதற்கு, ஒரு பழைய ஆய்விலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோரிடமோ வாழ்க்கைத்துணையிடமோ திரும்பியவர்கள், வாடகை அறைகளிலோ உடன்பிறந்தோர் வீட்டிலோ தங்கியவர்களைவிட அதிகமாக மீண்டும் நோய்க்கு ஆளானது தெரியவந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் காரணத்தை மூன்றாகப் பிரித்தன: குறைகூறல், பகைமை, அளவுக்கு மீறிய அக்கறை. உறவினர் என்ன சொன்னார் என்பதோடு எந்தத் தொனியில் சொன்னார் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

இதைக் காட்சியில் சோதித்துப் பாருங்கள். “மாத்திரை போட்டியா?” என்ற ஒற்றை வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல் அதைக் கேட்டால் குறைகூறல். சண்டையின் நடுவே, மனைவி ஒரு நியாயமான கேள்வி கேட்டதற்குப் பதிலாகக் கேட்டால் பகைமை. அவள் கையிலிருந்து அட்டையை வாங்கி, காலியான குழிகளை எண்ணிக்கொண்டே கேட்டால் மீறிய அக்கறை. மூன்றாவது கணவன் நல்லவன். அவனைத்தான் எழுதுவது கடினம், அவனைத்தான் எழுதவும் வேண்டும். அவனை வில்லனாக்கினால் கதை எளிதாகிவிடும், பொய்யாகவும் ஆகிவிடும்.

இந்த வகையில் பாடமாகப் பார்க்க வேண்டிய படம், ஜான் கசாவெட்டிஸ் 1974இல் இயக்கிய ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’. ஜீனா ரோலண்ட்ஸ் நடித்த மேபலுக்கு என்ன நோய் என்று படம் பெயரிட்டுச் சொல்வதேயில்லை. இரவுப் பணி முடிந்து அவளுடைய கணவன் நிக் தன்னோடு வேலை செய்யும் தொழிலாளர்களை வீட்டுக்கு அழைத்து வரும் காட்சியில், அவள் எல்லோருக்கும் ஸ்பெகட்டி சமைத்துப் பரிமாறுகிறாள். உபசரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக எல்லை கடக்கிறது, ஒருவரை ஆட அழைக்கிறாள், பீட்டர் ஃபாக் நடித்த நிக் கத்துகிறான், மேசையே உறைந்துவிடுகிறது. அவளுடைய நடத்தையைவிட அவனுடைய கூச்சல்தான் விருந்தைக் கலைக்கிறது. ஆறு மாதம் கழித்து அவள் மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாளில், கூட்டத்தைக் கூட்டி வரவேற்க நினைப்பவனும் அவனே. அவனுடைய அன்பும் தவறும் ஒரே செயலில் கலந்திருப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக் காட்சிகளைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். மின்னதிர்வு சிகிச்சையைத் தண்டனைபோலக் காட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். இன்றைய முறைப்படி அது மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுத்தே செய்யப்படுகிறது. தற்கொலை கதைக்குள் வருமானால், திரைத்துறையினருக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கையேட்டைப் படித்துவிடுங்கள். தற்கொலைச் செயலையோ அதற்கான வழிமுறையையோ காட்ட வேண்டாம் என்பது அதன் முக்கியமான அறிவுரைகளில் ஒன்று.

குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு நீண்ட வசனம் கொடுக்காதீர்கள். அம்மாவின் குரல் எந்தச் சுருதியில் மாறினால் தம்பியை வேறு அறைக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது எட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருப்பதைக் காட்டினால் போதும்.

முடிவில் முழுக் குணமோ மரணமோ மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். பலருக்கு நோய் தணிந்தும் திரும்பியும் வருகிறது, அந்தத் தாளத்தோடு சேர்ந்தே குடும்பமும் நடக்கிறது. முதல் வரைவு முடிந்ததும், மனநோயோடு வாழும் ஒருவரிடமும் அத்தகையவரின் துணையிடமும் தனித்தனியாகப் படிக்கக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்பதைவிட, எந்த வரியை அந்த வீட்டில் ஒருவரும் பேசமாட்டார்கள் என்று கேளுங்கள். இருவருமே சுட்டும் வரிகளைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.