பழைய பிக்கப் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி தன் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். பானெட்டைத் தூக்கியதும் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். "ரெண்டு மாசமா ஹீட் ஏறுது அண்ணே. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டேன், ரேடியேட்டர் மூடியை மாத்திட்டேன், வாட்டர் பம்பும் புதுசு. இன்னும் லோடு ஏத்தினா முள் சிவப்புக்குப் போயிடுது." கழற்றிய தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு, டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு துணியில் சுற்றிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் பழைய கோபம் திரும்பி வந்தது. அவர் மேல் கோபமில்லை. பல வருடங்களுக்கு முன் இதே வரிசையில், இதே தவறுகளை நானும் செய்திருக்கிறேன். அதற்கு ஒரு நல்ல இன்ஜினைப் பலி கொடுத்தேன்.

தண்ணீர் அளவு பார்ப்பது, பெல்ட் இறுக்கம் பார்ப்பது, சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காமல் இருப்பது எல்லாம் வண்டி வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். விஷயம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எப்போது சூடேறுகிறது என்று கேட்காமலே பாகம் மாற்றுவது

அந்தத் தம்பியிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான். "நிக்கும்போது ஏறுதா, ஓடும்போது ஏறுதா?" அவர் யோசித்துப் பார்த்திருக்கவில்லை.

வண்டி நின்று ஐட்லிங்கில் ஓடும்போது முள் ஏறி, வேகம் எடுத்ததும் இறங்குகிறதா? அப்படியானால் காற்று போதவில்லை. ஃபேன், ஃபேன் கிளட்ச், ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு, ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் அடைந்த தூசி ஆகியவற்றைப் பாருங்கள். நிற்கும்போது சரியாக இருந்து, வேகமாக ஓடும்போது ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு. ரேடியேட்டர் குழாய்கள், கீழ் ஹோஸ், பம்பின் இறக்கைகள் என்று போக வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள், தண்ணீர் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிட்டால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) வழியாக, சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது என்று சந்தேகப்படலாம்.

ஒரு நோட்டில் ஒரு வாரம் எழுதி வையுங்கள். எந்த வேகம், லோடு இருந்ததா, ஏற்றமா சமதளமா, முள் எங்கே நின்றது. நான்கு வரி போதும், பாதி பாகங்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

மீட்டர் முள்ளை அப்படியே நம்புவது

பழைய வண்டியில் சென்சாரின் எர்த் சரியில்லாவிட்டாலே முள் தப்பான இடத்தைக் காட்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் ஒருமுறை அளந்துவிட்டு அப்புறம் பேசுங்கள். ஆனால் பளபளப்பான அலுமினியத்தின் மேல் அடித்தால் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும்.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. சிவப்பில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் இன்ஜின் குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஓட்டாதீர்கள். தண்ணீர் வெளியேறி, சென்சார் வெறும் ஆவியில் நிற்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அந்த நொடியே ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது

என் வண்டி கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் பிக்கப். லோடு ஏற்றி மேடு ஏறினால் முள் முக்கால் வரை போகும். "தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடு, சரியாயிடும்" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு போல்ட், ஒரு கேஸ்கெட், அரை மணி நேர வேலை. கழற்றிவிட்டு ஓட்டினேன். முள் கால் பாகத்துக்கு மேல் ஏறவே இல்லை. கோளாறு தீர்ந்தது என்றே நம்பினேன்.

தீர்ந்திருக்கவில்லை. மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு அடைத்த ஒரு சின்ன உலோகக் குப்பி. சூடானால் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். 82 என்றோ 88 என்றோ அதன் மேல் எண் குத்தியிருக்கும். அந்த டிகிரியில் திறக்கத் தொடங்கி, இன்னும் 10, 12 டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறந்துவிடும். அதற்கு மேல் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ அதனால் முடியாது. முழுதாகத் திறந்த பிறகும் முள் ஏறிக்கொண்டே போகிறது என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. 82-க்குப் பதில் 71 போடுவதும் இதே கதைதான். சிவப்பைத் தொடச் சில நிமிடங்கள் கூடுதலாகும், தொடுவது நிற்காது.

"தண்ணீர் வேகமா ஓடினா ரேடியேட்டரில் குளிர நேரம் கிடைக்காது, அதனாலதான் கழட்டக் கூடாது" என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அதுவும் தவறு. தண்ணீர் ஒரே சுற்றில்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. வேகமாக ஓடினால் ரேடியேட்டருக்கு அதிகம் தடவை வந்துபோகும், வெப்பம் அதிகமாகவே வெளியேறும். கழற்றக் கூடாததற்கு உண்மையான காரணங்கள் வேறு.

முதலாவது, பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு சின்னத் தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு இறங்கி பைபாஸ் வழியை மூடும். மொத்தத்தையும் எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் நேராக இன்ஜினுக்குத் திரும்பிவிடும். இப்படிப்பட்ட இன்ஜின் லோடில் முன்பைவிட அதிகமாகச் சூடேறும்.

இரண்டாவது, சாதாரண ஓட்டத்தில் இன்ஜின் வேலைச் சூட்டுக்கே வராது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பெட்ரோல் முழுதாக எரியாமல் வழிந்து ஆயிலில் கலக்கும். என் வண்டியில் அப்படித்தான் நடந்தது. நாலு மாதத்தில் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. விரலில் தொட்டால் தண்ணீராக ஓடியது, மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசம். ஆயில் மாற்றி அதிக நாளாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது கொடுத்த எச்சரிக்கையை நான் படிக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் முழு லோடோடு நீண்ட ஏற்றம். கால் பாகத்தில் நின்ற முள் ஐந்து நிமிடத்துக்குள் சிவப்பில் போய் நின்றது. மாதக்கணக்கில் முள் அசையாததால் நான் மீட்டரைப் பார்ப்பதையே விட்டிருந்தேன். ஆவி கிளம்பியபோதுதான் கண் போனது.

இன்ஜினைப் பிரித்தோம். ஹெட் மேல் நேர்க்கம்பி வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டால், நடு சிலிண்டர்களுக்கு நேரே 0.15 மில்லிமீட்டர் தகடு தாராளமாக உள்ளே போனது. ஹெட் அவ்வளவு வளைந்திருந்தது. 0.05 போனாலே பல இன்ஜின்களுக்கு யோசிக்க வேண்டியிருக்கும். கேஸ்கெட் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் கருகியிருந்தது. பேரிங்குகளைக் கழற்றினால் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. அது ஒரு நாள் சூட்டில் வந்த தேய்மானம் இல்லை. பெட்ரோல் கலந்த ஆயிலில் நாலு மாதம் ஓட்டியதன் பலன்.

இத்தனைக்கும் முதல் காரணம் என்ன தெரியுமா? ரேடியேட்டர் அடைப்பு. மேல் தொட்டியைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழாய்களின் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. எத்தனையோ வருடம் உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டியதன் கணக்கு. தெர்மோஸ்டாட்டைத் தொடாமல், இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் குறுக்கே ஒருமுறை அளந்திருந்தால் பட்டை பட்டையாகக் குளிர்ந்த இடங்கள் தெரிந்திருக்கும். குழாய்களைத் துருவிச் சுத்தம் செய்யும் ஒருநாள் வேலையில் முடிந்திருக்கும்.

தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் கழற்றுங்கள், ஆனால் சோதிக்கக் கழற்றுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். குத்தியிருக்கும் எண்ணுக்கு அருகில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் அகலத் திறந்தால் அது நல்ல தெர்மோஸ்டாட். திரும்ப மாட்டும்போது மெழுகுக் குப்பி இருக்கும் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு "புதுசு போட்டும் ஹீட் ஏறுது" என்று வந்தவர்களும் உண்டு. சின்ன ஆடும் ஊசி உள்ள வகை என்றால், கூடு நிமிர்ந்து நிற்கும் இன்ஜினில் அந்த ஊசி மேலே வர வேண்டும். காற்று அது வழியாகத்தான் வெளியேறும்.

பொருந்துகிறதே என்று ஏதோ ஒரு மூடி போடுவது

ரேடியேட்டர் மூடி ஒரு அழுத்த வால்வு. 15 பவுண்டு (psi) மூடி உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100-ல் கொதிக்காது, சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி போட்டால் நல்ல இன்ஜினும் 100-லேயே கொதித்து வழியும். அதற்காக 7 பவுண்டுக்குச் செய்த பழைய ரேடியேட்டரில் 15 பவுண்டு மூடி போட்டால் பற்றவைத்த இடங்கள் விடும்.

ஃபேன் கூட்டைக் கழற்றி வைப்பது

திரும்ப மாட்டுங்கள்.

கசிவை அடைக்கும் பொடி

வேண்டாம். கசியும் ஓட்டையோடு ரேடியேட்டர் குழாயையும் ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோரையும் சேர்த்து அடைக்கும்.

இக்னிஷன் டைமிங்கை மறப்பது

தண்ணீர் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால் பிளக் எந்த நேரத்தில் பொறி விடுகிறது என்று காட்டும் டைமிங் லைட்டை எடுங்கள். டைமிங் பின்தங்கினால் எரிதல் தாமதமாகி, பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் வழியிலும் அதைச் சுற்றியுள்ள தண்ணீரிலும் போய்ச் சேரும். டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) வேக்யூம் ஹோஸ் வெடித்திருந்தால்கூட இது நடக்கும். ஒரு விரல் நீள ரப்பர் குழாய்தான், யாரும் பார்ப்பதில்லை.

சோதிக்காமலே ஹெட்டைப் பிரிப்பது

பிளாக் டெஸ்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாய் கிடைக்கும். ரேடியேட்டர் வாயில் வைத்து மேல் காற்றை நீலத் திரவத்தின் வழியாக உறிஞ்ச வேண்டும். தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்யுங்கள், கூலன்ட் உள்ளே போனால் சோதனை கெட்டுவிடும். பெட்ரோல் இன்ஜினில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். மாறவில்லை என்றால் ஒருமுறை லோடில் ஓட்டிவிட்டு வந்து, ஆறியபின் மூடியைத் திறந்து மறுபடி பாருங்கள். அதற்கு முன் ஹெட் போல்ட்டில் ஸ்பானர் வைக்காதீர்கள்.

அந்தத் தம்பியின் வண்டிக்கு வருகிறேன். துணியில் சுற்றியிருந்த தெர்மோஸ்டாட்டைத் தண்ணீரில் சூடாக்கினோம். 82-ல் அசைந்தது, 93-ல் அகலத் திறந்தது. பழுதே இல்லாத பாகம். அதையே திரும்ப மாட்டினோம். ஓட்டிச் சூடாக்கி ரேடியேட்டரின் குறுக்கே அளந்தேன், குளிர்ந்த பட்டை எதுவும் இல்லை. அப்புறம் அவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழ் ஹோஸைப் பார்த்தேன். 2500 சுற்றைத் தாண்டியதும் ஹோஸ் நடுவில் ஒட்டிப்போனது. காலை எடுத்ததும் மறுபடி உருண்டது. பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. உள்ளே ஒரு ஸ்பிரிங் இருந்து அதைத் தாங்க வேண்டும். கழற்றிக் கவிழ்த்தபோது ஸ்பிரிங்குக்குப் பதில் ஒரு கை நிறையத் துருத் துகள்கள் கொட்டின. புதுப் பம்ப் பழையதைவிட வலுவாக உறிஞ்சியிருக்கும், அதனால் ஹோஸ் இன்னும் சீக்கிரம் ஒட்டியிருக்கும்.

ஸ்பிரிங் உள்ள புது ஹோஸ் போட்டோம். வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி கலந்து மெதுவாக ஊற்றினோம். குமிழி நின்றதும் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸில் கை வைத்துக் காத்திருக்கச் சொன்னேன். பத்து நிமிடம் வெதுவெதுப்பாகவே இருந்தது. திடீரென்று கையை இழுத்துக்கொண்டார்.

"திறந்துடுச்சு அண்ணே."

ரேடியேட்டர் வாயில் தண்ணீர் மட்டம் ஒரு விரல் இறங்கியது. அதை நிரப்பி மூடியை இறுக்கினோம்.