ஓவியத்தின் அர்த்தத்தைத் தேடுமுன் கைகளைப் பாருங்கள்

திருகோணமலையில் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் சில பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். படத்தைக் காட்டியதும் "இதுக்கு என்ன அர்த்தம், ரீச்சர்?" என்பார்கள். அர்த்தம் பிறகு, முதலில் கண்ணுக்கு வேலை. டச்சு ஓவியர் வான் கோ 1885இல் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியத்தைப் போனில் எடுங்கள். இருண்ட படம், திரை வெளிச்சத்தைக் கூட்டிவிடுங்கள்.

படி 1: இருப்பதை மட்டும் எழுதுங்கள்.
மேசையைச் சுற்றி ஐந்து பேர். மேலே தொங்கும் எண்ணெய் விளக்கு. ஆவி பறக்கும் கிழங்கு. ஒருத்தி கோப்பி ஊற்றுகிறாள். ஒரு சிறுமி நமக்கு முதுகு காட்டுகிறாள். 'ஏழ்மை', 'சோகம்' இரண்டும் இப்போது வேண்டாம்.

படி 2: நிறம்.
புழுதி படிந்த, தோல் உரிக்காத கிழங்கின் நிறம் என்று வான் கோவே தம்பி தியோவுக்கு எழுதினார். உண்பவர்களும் உணவும் ஒரே மண் நிறம். மனநிலை இங்கேதான் தொடங்குகிறது.

படி 3: பார்வை.
ஒவ்வொரு கண்ணிலிருந்தும் விரலால் கோடு இழுங்கள். எந்த இரண்டு பார்வையும் சந்திக்காது. ஒரே விளக்கின் கீழ் இருந்தும் அவரவர் களைப்பு அவரவரோடு.

படி 4: கைகள்.
இங்கே அவசரப்படாதீர்கள். படத்தைப் பெரிதாக்குங்கள். மூட்டுகள் புடைத்து, எலும்பு துருத்தி நிற்கும். உப்புவெளியில் கரைவலை இழுப்பவர்களின் கையை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தேன். கயிறு உரசி உரசி உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. அதன்பிறகுதான் இந்தப் படம் எனக்குத் திறந்தது. தட்டில் நீளும் இதே கைகள்தான் மண்ணைக் கிண்டின என்பதைக் காட்ட விரும்பியதாக வான் கோ எழுதியிருக்கிறார். அப்படியானால் கிழங்கு வெறும் சாப்பாடு அல்ல, உழைத்த கூலி.

படி 5: குறியீடு.
"விளக்கு எண்டா நம்பிக்கை" என்றாள் ஒரு பிள்ளை. எங்கேயோ மனப்பாடம் செய்தது. படத்தில் எங்கே தெரிகிறது என்று கேட்டேன். கனநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எல்லார்ட முகத்திலயும் வெளிச்சம் விழுது ரீச்சர். அந்தச் சின்னப் பிள்ளையின்ட முகம் மட்டும் எங்களுக்குத் தெரியேல்ல."

இனி படத்தின் அர்த்தத்தை நீங்கள் ஒரு வசனத்தில் எழுதுங்கள். நடுவில் 'ஏனென்றால்' வரவேண்டும். அதற்குப் பின்னால் வருவதைப் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பாருங்கள்.