பிஸ்கட் டப்பாவில் கிடைத்த கடிதங்களை எப்படிப் பாதுகாப்பது?

1938 டிசம்பரிலிருந்து 1939 செப்டம்பரில் போர் தொடங்கும் வரை சுமார் 10,000 குழந்தைகள் நாஜிகளிடமிருந்து தப்பி பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் யூதக் குழந்தைகள். கிண்டர்டிரான்ஸ்போர்ட் என்று அதற்குப் பெயர். ரயிலேற்றி விட்ட பெற்றோரை அவர்களில் பலர் மறுபடி பார்க்கவே இல்லை. இன்று பேரப்பிள்ளைகள் வீட்டை ஒழிக்கும்போது, அலமாரியின் மேல்தட்டில் ஒரு தகர டப்பா கிடைக்கிறது. உள்ளே கடிதங்கள், சில போட்டோக்கள், ஒரு பழைய பாஸ்போர்ட். அப்படி ஒரு டப்பா கைக்கு வந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்கிறேன்.

முதல் வேலை: எதையும் துடைக்காதீர்கள், பிரிக்காதீர்கள். டப்பாவைத் திறந்ததும் உள்ளே இருப்பது இருக்கிறபடியே போனில் படம் எடுங்கள். எந்தக் கடிதம் எந்தப் போட்டோவோடு கட்டி வைக்கப்பட்டிருந்தது என்பதும் ஒரு செய்திதான். கையைக் கழுவி, நன்றாக ஈரம் உலர்த்திக்கொண்டு தாளைத் தொடுங்கள். தாளுக்குக் கையுறை வேண்டாம். விரலுக்கு உணர்வு குறைந்து ஓரம் கிழிந்துவிடும். போட்டோ, பதக்கம் போன்றவற்றுக்கு மட்டும் நைட்ரைல் கையுறை.

அடுத்தது பெயர்கள். இதைத் தள்ளிப் போடவே கூடாது. விவரம் தெரிந்த பெரியவர் உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். போட்டோவை ஒவ்வொன்றாகக் காட்டி, யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு, பேச்சைப் பதிவு செய்யுங்கள். போட்டோவின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் லேசாக எழுதலாம். பேனா கூடவே கூடாது.

சரி, இனி தாள்களைக் கவனமாகப் பாருங்கள். ஜெர்மன் பாஸ்போர்ட்டில் சிவப்பில் பெரிய 'ஜே' முத்திரை இருந்தால் அது 1938 அக்டோபரிலோ அதற்குப் பிறகோ குத்தியது. 1939 ஜனவரி முதல் யூதப் பெண்கள் 'சாரா' என்றும் ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் கூடுதல் பெயர் வைத்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அதனால் பட்டியல் போடும்போது பாட்டியின் பெயரை 'சாரா' என்று எழுதிவிடாதீர்கள். அது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல.

செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னப் படிவம் கிடைத்தால் இருபக்கமும் பாருங்கள். போர்க்காலத்தில் எதிரி நாட்டுக்குக் கடிதம் போக வழியில்லை. ஜெனீவா வழியாக 25 வார்த்தைகள் மட்டும் அனுப்பலாம், அதுவும் குடும்பச் செய்திதான். பதில் அதே தாளின் பின்பக்கத்தில் வரும். ஒரு அம்மா அந்த 25 வார்த்தைகளுக்குள் எதைச் சொல்லி எதை விட்டிருப்பாள்? 1942-க்குப் பிறகு பல வீடுகளுக்குப் பதிலே வரவில்லை. அதனால் ஒரு துண்டுத் தாளைக்கூட 'இதில் ஒன்றுமில்லை' என்று தூக்கிப் போடாதீர்கள். பழைய ஜெர்மன் கையெழுத்து இன்றைய ஜெர்மானியர் பலருக்கே புரியாது. படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும் வரை அப்படியே இருக்கட்டும்.

துருப்பிடித்த குண்டூசி, ஜெம் கிளிப், ரப்பர் பேண்டை மெதுவாக எடுத்துவிடுங்கள். ஒட்டிப்போன செலோடேப்பைப் பிய்க்க வேண்டாம். லாமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். போர்க்காலத்துத் தாள் பெரும்பாலும் மட்டமான மரக்கூழில் செய்தது, அதிலேயே அமிலம் இருக்கிறது. லாமினேட் செய்தால் அந்த அமிலமும் உள்ளேயே அடைபடும், பிறகு தாளைப் பிரித்தெடுக்கவும் முடியாது. நாஜி முகாமிலிருந்து மீண்டவர் வீட்டில், யூதர் என்று அடையாளம் காட்ட உடையில் தைக்க வைத்த துணி நட்சத்திரம் இருந்தால் துவைக்காதீர்கள். தையல் நூலும் கறையும் அதன் வரலாறு.

எதில் வைப்பது? போலந்தின் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ பகுதியில் வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்பிளம் குழுவினர் ரகசியமாகச் சேர்த்த ஆவணங்களில் ஒரு பகுதியை 1942 ஆகஸ்டில் பத்து உலோகப் பெட்டிகளில் புதைத்தார்கள். அடுத்த பகுதி இரண்டு பால் கேன்களில் போனது. 1946-இல் பெட்டிகளைத் தோண்டியெடுத்தபோது தண்ணீர் புகுந்து தாள்கள் ஊறிப் போயிருந்தன. 1950-இல் கிடைத்த பால் கேன்களில் இருந்தவை நல்ல நிலையில் இருந்தன. ஈரம்தான் முதல் எதிரி. அமிலமில்லாத அட்டைப்பெட்டி, பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். பிவிசி உறை வேண்டாம். பரணும் நிலவறையும் வேண்டாம், படுக்கையறை அலமாரி போதும். தகர டப்பாவையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காலியாக.

ஸ்கேன் செய்யும்போது போட்டோவுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) துல்லியம், தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பு. தாளின் இரண்டு பக்கமும், உறையும், தணிக்கை முத்திரையும் வரவேண்டும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள்.

அப்புறம், அசலை அண்ணன் தம்பிக்குள் பங்கு போடாதீர்கள். ஆளுக்கொரு ஸ்கேன் பிரதி கொடுங்கள். வீட்டில் வைக்க முடியாவிட்டால் ஹோலோகாஸ்ட் என்னும் யூத இனப்படுகொலையின் ஆவணங்களைக் காக்கும் லண்டனின் வீனர் ஹோலோகாஸ்ட் நூலகம், ஜெருசலேமின் யாத் வாஷெம் நினைவு மையம், வாஷிங்டனின் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு எழுதிக் கேட்கலாம். டப்பாவில் இருந்ததை மொத்தமாகக் கொடுங்கள், யாருக்கு என்ன உரிமை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர் பேசிய பதிவையும் கூடவே கொடுங்கள்.