கார்-டி சிகிச்சைக்குக் கிளம்பும் குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு

கார்-டி என்பது ஒரு ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணுக்களை) பிரித்தெடுத்து, புற்றணுவின் மேலுள்ள சிடி19 புரதத்தைக் கண்டுபிடிக்கும்படி மரபணு சேர்த்து, ஆய்வகத்தில் பெருக்கி அவருக்கே திருப்பி ஏற்றுவதுதான் இது. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. பி செல் எனும் வெள்ளையணுவில் வரும் புற்றுகளான லிம்போமா, லுக்கீமியா திரும்பி வந்தவர்களுக்கும் மருந்துக்கு மசியாதவர்களுக்கும்தான் இது. நுரையீரல், மார்பகக் கட்டிகளுக்கு அல்ல. அலைவதற்கு முன் பயாப்சி அறிக்கையில் சிடி19 பாசிட்டிவ் என்று இருக்கிறதா பாருங்கள்.

செல் எடுக்கும் நாள் 3 முதல் 5 மணி நேரம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைக் குறைத்துவிடும். உதட்டிலும் விரல் நுனியிலும் குறுகுறுப்பு வந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லவேண்டும். கால்சியம் ஏற்றினால் சரியாகும். ஸ்டீராய்டு டி செல்களைக் குறைக்கும். அதை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம்.

செல் தயாராகச் சில வாரங்கள் பிடிக்கும். வளர்ச்சி போதாமல் மறுபடி எடுக்க நேர்வதும் உண்டு. அதற்குள் நோய் முந்திவிடாமலிருக்க இடைக்காலக் கீமோ கொடுப்பார்கள். பிறகு ஃப்ளூடரபின், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்துகள் 3 நாள். பழைய வெள்ளையணுக்களைக் குறைத்து, புதியவற்றுக்கு இடம் பண்ணுவதற்குத்தான் அது. ஏற்றும் நாளில் உறைந்த பையை 37 டிகிரி நீரில் உருக்கி, அரை மணிக்குள் ஏற்றிவிடுவார்கள். பூண்டு வாடை அடிக்கும். அது உறையவைக்கச் சேர்த்த மருந்தின் வாடை, பயப்படவேண்டாம்.

கவனமாக இருக்கவேண்டியது அதன் பிறகுதான். ஏற்றிய செல்கள் உடம்பில் கடும் எதிர்வினையைக் கிளப்பலாம்; அதன் அடையாளமாக முதல் வாரத்துக்குள் பெரும்பாலும் காய்ச்சல் தலைகாட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டதும் சிகிச்சை அணிக்குத் தகவல் போகவேண்டும். சொல்லாமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்து, ரத்த அழுத்தம் சரிந்தபின்தான் ஆபத்து தெரியும். இந்த எதிர்வினைக்கான மருந்து டோசிலிசுமாப்: கிலோவுக்கு 8 மில்லிகிராம், ஒரு தடவைக்கு 800 மில்லிகிராம் உச்சம். 2 டோஸ் மருத்துவமனையில் இருக்கிறதா என்று ஏற்றுவதற்கு முன்பே கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

இந்தச் சிகிச்சையால் வரக்கூடிய நரம்புப் பாதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும். தினமும் காலையில் ஒரே வாக்கியத்தை எழுதவையுங்கள்: ‘எங்கள் வீடு குளச்சலில் இருக்கிறது.’ நூறிலிருந்து பத்துப் பத்தாக இறங்கி எண்ணச் சொல்லுங்கள். நேற்று நேராக இருந்த எழுத்து இன்று கோட்டுக்குக் கீழே இறங்கினாலோ, ‘குளச்சல்’ பாதியில் நின்றாலோ, உடனே சொல்லவேண்டும், சாயங்காலம் வரை காத்திருக்கக்கூடாது.

ஆகவே முதல் 4 வாரமாவது மருத்துவமனைக்கு 2 மணி நேரத் தூரத்துக்குள் அறை எடுங்கள். சென்னையில் சிகிச்சை என்றால் நாகர்கோவிலுக்கு 700 கிலோமீட்டர். நடுராத்திரிக் காய்ச்சலுக்கு ரயில் உதவாது. மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சுடச்சுடச் சாப்பிடலாம். முந்தின நாள் கறிக்குத்தான் ருசி என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனாலும் இப்போது வேண்டாம்.

ஊர் திரும்பும்போது சட்டைப்பையில் ஓர் அட்டை இருக்கட்டும்: ‘கார்-டி பெற்றவர். ரத்தம் ஏற்றினால் கதிர்வீச்சு செய்யப்பட்ட ரத்தம் மட்டும். ஸ்டீராய்டு கொடுக்கும் முன் அழைக்கவும்.’ கீழே சிகிச்சை அணியின் எண். மார்த்தாண்டத்தில் எந்த டாக்டரிடம் போனாலும் அந்த அட்டையைத்தான் முதலில் நீட்டவேண்டும்.