கொத்தமல்லியை உடைக்காதீர்கள்: திரையிலும் பிரிண்டரிலும் தமிழ் வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு பில் துண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மளிகைக்கடை பில். மூன்றாவது வரியில் 'க' தனியாக நின்றது. சற்றுத் தள்ளி ஓர் ஒற்றைக்கொம்பு, அதை ஒட்டி ஒரு புள்ளிவட்டம், அதற்குப் பின் ஒரு கால். பிறகு 'த', அதன் அருகே இன்னொரு புள்ளிவட்டம், அதன் தலையில் ஒரு புள்ளி. கொத்தமல்லிதான் அப்படிச் சிதறிக் கிடந்தது.

"திரையில் சரியாகத்தான் தெரிகிறது அண்ணா. பிரிண்டரில்தான் கோளாறு" என்றார்.

பிரிண்டரில் ஒரு கோளாறும் இல்லை. நிரலைத் திறக்காமலேயே அவர் எந்த இடத்தில் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதையே நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். நான் எழுதியது பில்லில் அச்சாகவில்லை, ஒரு பேருந்து நிலையத்தின் மின்பலகையில் ஊர் பார்க்க ஓடியது.

எழுத்துருக் கோப்பின் பெயரைப் பிழையாக எழுதுவது, வெள்ளைத் தாளில் வெள்ளை நிறத்தில் வரைவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை ஐந்து நிமிடத்தில் தாமாகவே பிடிபடும். பிடிபடாமல் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேருகிறவைதான் இங்கே.

சொல்லை உடைத்து எழுத்தெழுத்தாக வரைவது

தம்பி செய்தது இதுதான். பொருளின் பெயர், அளவு, விலை என்று பில்லில் மூன்று பத்திகள். பெயர் நீளமாக இருந்தால் அடுத்த வரிக்கு மடிய வேண்டும். அதற்காகச் சொல்லை ஒவ்வொரு குறியீடாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அகலத்தையும் கேட்டு வாங்கி, கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்திருக்கிறார். ஆங்கிலத்துக்கு இது ஏறக்குறைய ஒத்துவரும். தமிழுக்கு ஒத்துவராது.

'கொத்தமல்லி' என்பதில் நமக்கு ஆறு எழுத்துகள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் அது பத்துக் குறியீடுகள், யுடிஎஃப்-8 கோப்பில் 30 பைட்டுகள். எழுத்துருவுக்குள் இருப்பவையோ இந்த இரண்டுமே அல்ல, வடிவங்கள். 'கொ' என்பது இரண்டு குறியீடுகள்: முதலில் க, பிறகு ஒகரக் குறி. ஆனால் தாளில் அது மூன்று வடிவங்களாக விழ வேண்டும்: கொம்பு, க, கால். இரண்டாவதாக வந்த குறி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி முதலெழுத்தைத் தாண்டி முன்னால் போய் நிற்கிறது. 'ஸ்ரீ' இதற்கு நேர் எதிர்: நான்கு குறியீடுகள், பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே வடிவம். 'க்ஷ' மூன்று குறியீடுகள், ஒரே வடிவம். எந்தக் குறியீடு எந்த வடிவமாகும், எந்த வரிசையில் நிற்கும், எது எதோடு சேரும் என்று தீர்மானிக்கும் வேலைக்கு ஷேப்பிங் என்று பெயர். விண்டோஸில் டைரக்ட்ரைட், ஆப்பிளில் கோர் டெக்ஸ்ட், ஆண்ட்ராய்டு, ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆஃபிஸ் போன்றவற்றில் ஹார்ஃப்பஸ் இதைச் செய்கின்றன. அந்த வேலை நடக்க வேண்டுமானால் சொல் முழுதாக அதன் கைக்குப் போக வேண்டும். க-வைத் தனியாகவும் ஒகரக் குறியைத் தனியாகவும் கொடுத்தால், 'இந்தக் குறிக்கு முன்னால் எழுத்தைக் காணோமே' என்று அது ஒரு புள்ளிவட்டத்தைப் போட்டு அதைச் சுற்றிக் கொம்பையும் காலையும் வைக்கும். அந்தப் புள்ளிவட்டம் பிரிண்டரின் குப்பை அல்ல. உங்களைத் திருத்துவதற்காக வரும் சிவப்பு மைக் கோடு.

திரையில் ஏன் சரியாக இருந்தது? திரையில் அவர் சொல்லை ஒரு லேபிளில் முழுதாகப் போட்டிருந்தார். அங்கே இயங்குதளமே கோத்துக் கொடுத்துவிட்டது. பெரும்பாலான பில் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. ஆகவே வரியைப் படமாக்கித்தான் அனுப்ப வேண்டும், அந்தப் படத்தை வரைந்தது அவருடைய நிரல். ஒரே சொல் இரண்டு வெவ்வேறு வழிகளில் போயிருக்கிறது.

இதற்கு இன்னொரு வேடமும் உண்டு, அது இதைவிட மோசம். பைத்தானில் படம் வரையப் பலரும் பயன்படுத்தும் பில்லோ நூலகத்தில் இரண்டு அடுக்குமுறைகள் இருக்கின்றன. ராக்ம் என்ற துணை நூலகம் இருந்தால் ஷேப்பிங் நடக்கும். அது இல்லாத கணினியில் நூலகம் சத்தமில்லாமல் எளிய முறைக்கு மாறிவிடும். அங்கே சொல்லை முழுதாகக் கொடுத்தாலும் குறியீட்டு வரிசைப்படியே வடிவங்கள் விழும். புள்ளிவட்டம்கூட வராது. 'கை' எழுதினால் இணைக்கொம்பு க-வுக்கு வலப்பக்கம் போய் நிற்கும். உங்கள் கணினியில் ராக்ம் இருக்கும், கடையின் கணினியில் இருக்காது. நிரல் தொடங்கும்போதே அது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஓடவே ஓடாதபடி நிறுத்துங்கள்.

சோதனைக்கு எல்லோரும் 'வணக்கம்' என்று எழுதிப் பார்க்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். அந்தச் சொல்லில் கொம்பும் இல்லை, காலும் இல்லை, கூட்டெழுத்தும் இல்லை. ஷேப்பிங்கே நடக்காத நிரலிலும் அது ஏறக்குறைய ஒழுங்காகவே தெரியும். கொய்யா, கௌரி, லக்ஷ்மி, ஸ்ரீ, தூது, பூண்டு என்று எழுதிப் பாருங்கள். இந்த ஆறும் தேறினால்தான் மேலே பேசலாம்.

என் மின்பலகைக் கதைக்கு வருகிறேன். நான் தமிழில் நிரல் எழுதத் தொடங்கியது, யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய டிஸ்கி என்ற குறியேற்றத்தின், அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையின், காலத்தில். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் என்ற குறியேற்றங்கள் முன்வைக்கப்பட்டதும் அதே காலம்தான். டிஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டது: கொம்பு, க, கால். ஒவ்வொன்றாக எடுத்து வரைந்தால் போதும், சரியாக வரும். அந்தப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. பல ஆண்டுகள் கழித்துத் தரவு மட்டும் யூனிகோடுக்கு மாறியபோது, வரையும் பகுதியை அப்படியே விட்டுவிட்டேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலை யார் தொடுவார்கள்?

பலகை ஏற்றிய மறுநாள் காலை கோயம்புத்தூரின் முதலெழுத்து மூன்று துண்டாக ஓடியது. மதுரைக்கும் அதே கதி, இணைக்கொம்பு ர-வைத் தாண்டி வெளியே நின்றது. நடத்துநர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்ப் பாஷை?" என்று கேட்டார். பலகைகள் நடைமேடைக்கு மேலே, ஏணி வைத்தால்தான் எட்டும் உயரத்தில் இருந்தன. நிரலை மாற்றப் பெட்டியைத் திறந்து நினைவக அட்டையைக் கழற்ற வேண்டும். கடைசிப் பேருந்து புறப்பட்ட பிறகுதான் ஏணி வைக்க அனுமதி. மொத்தம் பதினொரு பலகைகள். நான்கு இரவுகள் ஏணியில் ஏறி இறங்கினேன்.

சரியான வழி சுற்றிவளைப்பானதே அல்ல. வரியை முழுதாக ஷேப்பிங்குக்குக் கொடுங்கள். வடிவங்களின் எண்களும் ஒவ்வொன்றையும் எங்கே வைக்க வேண்டும் என்ற கணக்கும் திரும்பி வரும். ஒரு வடிவத்தை வரைந்தபின் அடுத்ததற்கு எவ்வளவு நகர வேண்டும் என்ற நகர்வு அகலங்களைக் கூட்டினால் வரியின் அகலம் கிடைத்துவிடும். பத்தியில் அடங்கவில்லையா, சொல் இடைவெளியில் வெட்டி இரண்டு பகுதிகளையும் தனித்தனியாக மறுபடி ஷேப்பிங் செய்யுங்கள். ஒரே சொல்லே அடங்கவில்லையென்றால் எழுத்து எல்லையில் வெட்டுங்கள், குறியீட்டு எல்லையில் வெட்டாதீர்கள். 'கத்திரிக்காய்' நமக்கு ஏழு எழுத்து, கணினிக்குப் பதின்மூன்று குறியீடு. 'பெயர் 12-க்கு மேல் போகக் கூடாது' என்று யாரோ எழுதி வைத்த ஒரு வரியால் அது பல பில்களில் 'கத்திரிக்காய' என்று புள்ளி உதிர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

திரையில் அளந்து தாளில் வரைவது

ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. விண்டோஸ் தன் இயல்பு நிலையில் திரையை அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று எண்ணிக்கொள்கிறது. பில் பிரிண்டர்களில் பரவலாகக் காண்பது அங்குலத்துக்கு 203 புள்ளி, அதாவது மில்லிமீட்டருக்கு 8. திரையில் 10 பாயிண்டில் எடுத்த அகலத்தை 203/96-ஆல் பெருக்கினால் தாளின் அகலம் கிடைத்துவிடும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் திரைக்கு எடுக்கும் அளவு பல வேளைகளில் முழுப் பிக்சலுக்கு முறிக்கப்பட்டிருக்கும். ஒரு வடிவத்துக்கு அரைப் பிக்சல் வரை பிழை. 20 வடிவங்கள் உள்ள வரியில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் 10 பிக்சல், தாளில் 21 புள்ளி, இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல். விலைப் பத்தியில் பைசா இலக்கம் தாளுக்கு வெளியே போய்விட இது போதும். 58 மி.மீ. ரோலில் அச்சாகும் அகலமே 48 மி.மீ., அதாவது 384 புள்ளிகள்தான்.

எந்தச் சாதனத்தில் வரையப் போகிறீர்களோ அந்தச் சாதனத்தின் அடர்த்தியிலேயே அளவெடுங்கள்.

எழுத்துரு இருக்கும் என்று நம்புவது

லதா பழைய விண்டோஸோடு வந்தது, விண்டோஸ் 10 முதல் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இணைமதி ஆப்பிள் கணினியோடு வருகிறது. சர்வரில் ஓடும் கண்டெய்னரில், அதாவது நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் மட்டும் கட்டிவைத்த பொதியில், பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. லினக்ஸில் எழுத்துருவைத் தேடித்தரும் ஃபான்ட்கான்ஃபிக்கிடம் 'லதா வேண்டும்' என்று கேட்டால் 'இல்லை' என்று அது சொல்லாது. இருப்பதில் எது நெருக்கமாகத் தோன்றுகிறதோ அதை எடுத்து நீட்டும். மளிகைக்கடையில் துவரம்பருப்பு கேட்டால் கடலைப்பருப்பைக் கட்டிக்கொடுப்பது போல. அதில் தமிழ் இல்லையென்றால் வரி முழுவதும் கட்டம் கட்டமாக விழும். என்ன கிடைத்தது என்று திருப்பிக் கேளுங்கள். அதில் தமிழ் வடிவங்கள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் திரையில் வரையும் பழைய எக்ஸ் விண்டோ முறையில் எழுத்துருக்கள் திரையை ஆளும் சர்வரின் பக்கம் இருந்தன. நிரல் பெயரையும் உரையையும் மட்டும் அனுப்பும். இன்று நிரல் ஓடும் இடத்தில்தான் எழுத்துரு இருக்க வேண்டும். 'பார்க்கிறவர் கணினியில் தமிழ் இருக்கிறதே' என்பது சர்வரில் உருவாகும் பில் படத்துக்கு எந்தப் பயனும் தராது. உரிமம் இடம் கொடுத்தால் எழுத்துருவை நிரலோடு சேர்த்தே அனுப்புங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது.

ஒவ்வொரு வரிக்கும் எழுத்துருக் கோப்பைத் திறப்பது

ஒருமுறை திறந்தால் போதும்.

வாங்கியதைத் திருப்பித் தராதது

விண்டோஸில் ஜிடிஐ என்ற பழைய வரையும் முறையில் நிரல் திரையையோ பிரிண்டரையோ நேரடியாகத் தொடுவதில்லை. ஒரு சாதனச் சூழலைக் கேட்டு வாங்கி, அதில் எழுத்துருவைப் பொருத்தி, வரைந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நிரல் இப்படி வைத்திருக்கக்கூடிய பொருள்களுக்கு இயல்பான வரம்பு 10,000. பில்லின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எழுத்துரு வீதம் அழிக்காமல் விட்டால் காலையில் ஒன்றும் தெரியாது. மாலைக் கூட்டத்தில் பொத்தான்கள் மறையும், பட்டியல் கறுத்துப்போகும். கடைக்காரர் கணினியை அணைத்துப் போடுவார், எல்லாம் சரியாகிவிடும். ஆகவே உங்களிடம் புகாரே வராது.

ஆங்கில வரி உயரத்தைத் தமிழுக்கு வைப்பது

'கி'-யின் கொக்கி மேலே வெட்டுப்படும், 'கூ'-வின் வால் கீழே வெட்டுப்படும். உயரத்தை எழுத்துருவிடமே கேளுங்கள்.

அகலத்தை நான்கால் பெருக்கினால் ஒரு வரி என்று நினைப்பது

திரையின் நினைவகத்தில் நேரடியாக எழுதுகிறவர்களுக்கு மட்டும். 1366 பிக்சல் அகலத் திரையில் பிக்சலுக்கு 4 பைட்டு என்றால் ஒரு வரி 5464 பைட்டு என்று கணக்கு வரும். சாதனம் 64-இன் மடங்குக்கு உயர்த்தி 5504 என்று வைத்திருக்கலாம். வரிக்கு 40 பைட்டு, அதாவது 10 பிக்சல், நழுவிக்கொண்டே போய்ப் படம் முழுவதும் சாய்ந்து நிற்கும். லினக்ஸில் திரையின் நினைவகமான ஃபிரேம்பஃபர் தன் வரி நீளத்தைத் தனியாகவே சொல்கிறது. அதைப் படித்து எடுங்கள்.

பில்லைத் திரையிலேயே பார்த்துத் திருப்திப்படுவது

ரோல் வாங்கக் காசு இல்லையென்றால் என்னிடம் கேளுங்கள்.